மேலே போன பந்து

கடலும் ஆறும் சேருகிற பொழியின் தென்கரையில் சவேரியார்முனை என்று ஓர் ஊர் உண்டு, வடகரையில் ஆத்துவாய் என்று ஓர் ஊர் உண்டு, இரண்டு ஊருக்கும் ஒரே கடல், ஒரே காற்று, ஒரே மீன், பெண் கொடுப்பதும் எடுப்பதும் ஒன்றுக்குள் ஒன்று, இருந்தும் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நாலாம் வருடம் டிசம்பர் மூன்றாம் தேதி சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு வானத்துக்குப் போன ஒரு பந்து கீழே வராததால், ஐம்பது வருடமாக இரண்டு ஊரும் ஒரு விஷயத்தில் மட்டும் முகம் கொடுத்துப் பேசிக்கொண்டதில்லை. நான் முனைக்காரன். அதனால் நான் சொல்வது முனைப் பக்கம் கொஞ்சம் சாயும். ஆத்துவாய்க்காரன் சொன்னால் அந்தப் பக்கம் சாயும். பந்து மேலே போனது என்பதில் மட்டும் யாருக்கும் சண்டை கிடையாது.

சவேரியார் திருநாளுக்கு இரண்டு ஊரும் மோதுகிற இறுதியாட்டம் அது. எங்கள் மைதானம் கடற்கரை மணல்தான். சுண்ணாம்புக் கோடு மணலில் நிற்காது என்பதால் கரைமடி வலைக் கயிற்றை நாலு பக்கமும் மணலில் பாதி புதைத்து வைப்போம், அதுதான் கோடு. கோட்டில் கொடி பிடிக்க ஊருக்கு ஒரு லைன்ஸ்மேன். ரெஃபரி மட்டும் வெளியூர்க்காரர். ஆட்டம் தொடங்குமுன் இரண்டு லைன்ஸ்மேன்களும் கரையில் சிலுவை நிற்கிற குருசடியில் கை வைத்து, "கோட்டைப் பாத்து நிப்பேன், ஊரைப் பாத்து நிக்க மாட்டேன்" என்று சத்தியம் செய்ய வேண்டும். இது எங்கள் வழக்கம். ஊர்க்காரனையே கோட்டில் நிறுத்திவிட்டு ஊரைப் பார்க்காதே என்று சத்தியம் வாங்குகிற மனிதர்கள் வேறு எங்காவது இருக்கிறார்களா என்று எனக்குத் தெரியாது.

அந்த வருடம் எங்கள் லைன்ஸ்மேன் தாசையன், வயது இருபத்திரண்டு. ஆத்துவாயின் கோல் காக்கிற கோலி பனியடிமை, வயது இருபத்தாறு. பனியடிமையின் தங்கை கொரட்டியைத் தாசையனுக்குப் பேசி முடித்து, தை மாதம் கல்யாணம் என்று நாளும் குறித்தாகியிருந்தது. எண்பத்தெட்டு நிமிடம் வரை யாரும் கோல் போடவில்லை. அப்போது எங்கள் ஸ்தனிஸ்லாஸுக்கு ஒரு பந்து நீளமாக வந்தது, அவன் தனியாக நின்றான், பனியடிமை ஆஃப்சைடு என்று வலது கையைத் தூக்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றுவிட்டான், ஸ்தனிஸ்லாஸ் நடந்துபோய்ப் பந்தைக் கோலுக்குள் தள்ளினான். தாசையனின் கொடி எழவில்லை. ரெஃபரி பெர்க்குமான்ஸ் சார் கொடியைப் பார்த்தார், கோல் என்று விசில் ஊதினார். நடுவில் பந்தை வைத்து மறுபடி ஆடத் தொடங்கிய உடனே அது உருண்டு பனியடிமையிடம் வந்தது. அவன் இருந்த கோபத்தையெல்லாம் காலில் வைத்து நேரே மேலே அடித்தான். பந்து போனது. போய்க்கொண்டே இருந்தது. கழுத்து வலிக்கும்வரை பார்த்தோம்.

இன்னும் ஒரு நிமிடம் மிச்சம் என்று பெர்க்குமான்ஸ் சார் கைக்கடிகாரத்தை நிறுத்திவைத்துக் காத்திருந்தார். செப மணி அடித்தது, வெளிச்சம் போனது, பந்து வரவில்லை. அவர் கடைசி விசிலை ஊதாமல் பைக்குள் போட்டுக்கொண்டு கடைசி பஸ்ஸுக்குப் போய்விட்டார். ஒன்றுக்குப் பூஜ்யம், நாங்கள்தான் ஜெயித்தோம் என்று கோப்பையைத் தூக்கிக்கொண்டோம். ஆட்டம் முடியவில்லை, கோப்பை எப்படி உங்களுக்கு என்றார்கள் அவர்கள். எங்கள் கிளப்பின் சாமான் பட்டியலில் இன்றைக்கும் "பந்து ஒன்று, மேலே" என்று எழுதியிருக்கிறது. ஒவ்வொரு புதுச் செயலாளரும் அதை அப்படியே அடுத்த நோட்டில் எழுதிக்கொள்வார், யாரும் அந்த வரியை அடித்ததில்லை.

முனை அதற்கு முன்னும் அந்தக் கோப்பையை ஜெயித்ததில்லை, பின்னும் ஜெயித்ததில்லை. ஆகவே அந்த ஒரு சாயங்காலத்தை நாங்கள் எப்படி வளர்த்திருப்போம் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம். வளர்த்தவர் தாசையன். முனையின் எந்த ஆட்டத்தையும் அவர் விட்டதில்லை, பேத்திக்குப் பெயர் வைக்கிற அன்றைக்குக்கூட இரண்டாம் பாதிக்கு வந்துவிட்டார். வருடாவருடம் திருநாள் ஆட்டத்தின் இடைவேளையில் மைக்கை வாங்கி ஊரின் பந்து வரலாறு முழுவதையும் சொல்வார். கிழிந்த வலையையும் தென்னஞ்சவரி நாரையும் சுருட்டிச் செய்த முதல் பந்து, செருப்பில்லாமல் ஆடி நகரத்துப் பூட்ஸ்காரர்களை ஓட விட்ட பாட்டன்மார், புயலில் போன கோல்போஸ்டுக்குப் பதில் நட்ட வள்ளத்துத் துடுப்பு, எல்லாம் வரும். கடைசியில் எழுபத்து நாலு வரும். பனியடிமை கையைத் தூக்கிய இடம் வந்ததும் தாசையன் மைக்கை இடதுகைக்கு மாற்றி வலது கையைத் தூக்கிக்கொண்டு வாயைப் பிளந்து நிற்பார். ஊரே வயிறு வலிக்கச் சிரிக்கும்.

அந்தக் கை எங்கள் பேச்சிலேயே சேர்ந்துவிட்டது. வேலை செய்யாமல் நிற்கிறவனைப் பார்த்தால் "என்னலே பனியடிமை மாதிரி நிக்கிய" என்போம். முனைப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் பதில் தெரிந்தாலும் கையைத் தூக்க மாட்டார்கள், எழுந்து நின்று சொல்வார்கள். வெளியூரிலிருந்து வருகிற டீச்சர்கள் இது என்ன கட்டுப்பாடு என்று மெச்சிக்கொள்வார்கள். பனியடிமைக்கு அவருடைய சொந்த ஊரிலும் மரியாதை இல்லாமல் போனது. விசில் ஊதுமுன்னே நின்றுவிட்டவன் என்று அவர்களும் ஏசினார்கள். தங்கை கல்யாணத்தில் பந்தியில் உட்காரும்போது எவனோ கையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தான், எழுந்து போனவர் அதன் பிறகு பொழியைத் தாண்டி இந்தப் பக்கம் வரவில்லை.

சென்ற செப்டம்பரில் நெத்திலி காயப்போட்டிருந்த லூர்து மேரி, மீனின்மேல் எலுமிச்சங்காய் அளவுக்கு ஒரு நிழல் விழுவதைப் பார்த்தாள். சூரியன் நகர்ந்தும் அது நகரவில்லை. அண்ணாந்து பார்த்தாள், நெத்திலியை இரண்டு முழம் தள்ளிப் போட்டாள், பக்கத்தில் இருந்தவளிடம், "நம்ம பந்து வருவுது போல" என்றாள். சாயங்காலத்துக்குள் இரண்டு ஊருக்கும் தெரிந்துவிட்டது. நிழல் நாளுக்கு நாள் பெருத்து, தேங்காய் அளவு வந்து, பந்து அளவு வந்தது. ஆழ்கடலில் இருந்த பையன்கள் சாட்டிலைட் போனில் கூப்பிட்டு, அப்பாவின் நெஞ்சுவலி எப்படி என்று கேட்குமுன் பந்து எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று கேட்டார்கள். பங்குச் சாமியார் பிரசங்கத்தில் பொறுமையைப் பற்றிச் சொல்லும்போது ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார், அதற்குமேல் அவர் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அக்டோபர் கடைசியில் பந்து வடக்குக் கோல்போஸ்டுக்கு முன்னால், அன்றைக்குப் பனியடிமை நின்ற இடத்துக்கு நேர்மேலே, ஓர் ஆள் கையைத் தூக்கினால் ஒரு சாண் எட்டாத உயரத்தில் வந்து நின்றது. அப்படியே நின்றுகொண்டது. அதே தோல் பந்து, அதே லேஸ், ஓரத்தில் அதே சகதி, அந்தச் சகதி இன்னும் காயவில்லை. ஏணி போட்டு ஏறினால் ஏறிய அளவுக்கு மேலே போனது. வீச்சுவலையை வீசினால் வலை கீழே விழுந்தது, பந்து அங்கேயே இருந்தது. டிவிக்காரர்கள் வந்து நூல் எங்கே கட்டியிருக்கிறது என்று கேட்டார்கள், கருப்பட்டிக் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். எங்களுக்கு ஒரு வாரத்தில் பழகிவிட்டது. பெண்கள் அந்த நிழலில் ஐஸ் பெட்டியை வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களுக்குக் கமிட்டி புது விதி போட்டது: ஆடுகிற பந்து நிற்கிற பந்தில் பட்டால் ரெஃபரி பந்தைக் கீழே போட்டு மறுபடி தொடங்க வேண்டும். மூன்று தடவை பட்டது, மூன்று தடவையும் விதிப்படியே நடந்தது.

நவம்பரில் இரண்டு ஊர்க் கமிட்டியும் பொழியின் நடுவில் வள்ளத்தை நிறுத்திப் பேசினார்கள். யாருடைய கரைக்கும் யாரும் போக வேண்டாம் என்பதால் அந்த ஏற்பாடு. பந்து காத்திருக்கிறது, ஒரு நிமிடம் மிச்சம் இருக்கிறது, திருநாளன்று ஆடி முடித்துவிடுவோம் என்று தீர்மானமானது. செத்துப்போனவர்களுக்குப் பதில் அவரவர் மகன், மகன் இல்லாவிட்டால் மருமகன். ஸ்தனிஸ்லாஸ் கடலோடு போய் இருபது வருடம், அவன் மகன் ஆடுவான். பெர்க்குமான்ஸ் சார் எண்பத்தாறு வயதில் இருக்கிறார், நிறுத்திய கைக்கடிகாரமும் இருக்கிறது. தாசையன் இருக்கிறார். பனியடிமையும் இருக்கிறார், ஆனால் அவரைக் கூப்பிடச் சொந்தக்காரர்தான் போக வேண்டும் என்றார்கள் ஆத்துவாய்க்காரர்கள்.

தாசையன் போனார். மச்சான் வீட்டுக்கு அவர் போவது முப்பது வருடத்துக்குப் பிறகு. பனியடிமை முற்றத்தில் வலை முடிந்துகொண்டிருந்தார், தலையைத் தூக்கிப் பார்த்து, "இரும்" என்று ஸ்டூலைத் தள்ளினார்.

"கமிட்டி அனுப்பிச்சு மச்சான். ஒரு நிமிசம் பாக்கி கெடக்கு. நீங்க வந்து கோல்ல நிக்கணும்."

"கோலிக்கு எழுபத்தாறு வயசு ஆச்சு."

"எல்லாருக்கும்தான் ஆச்சு."

பனியடிமை ஒரு கண்ணியை முடிந்து முடித்தார். "வாரேன். ஆனா அண்ணைக்குத் தூக்கின கைய நான் எறக்கல்ல, தாசையா. பந்தை அடிக்கும்போ கொஞ்சம் தாந்திருக்கும், அவ்வளவுதான். அங்க வந்து நின்னா மறுபடியும் தூக்குவேன். ஒங்க ஊருக்காரங்க சிரிச்சா சிரிக்கட்டும்."

"சரி மச்சான்."

"நீரு கோட்டுக்கு நேரா நின்னீரு. ஒம்மகிட்ட ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப வருசமா நெனச்சேன். தங்கச்சிக்கு அங்க கஷ்டம் வருமோன்னு கேக்கல்ல."

கேளுங்கள் மச்சான் என்று தாசையன் சொல்லியிருக்கலாம். உள்ளேயிருந்து வந்த பாலில்லாக் கட்டன்சாயாவைச் சூடாகவே குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டு, "வெயிலு ஏறுததுக்கு முன்ன போவணும்" என்று எழுந்துவிட்டார். பனியடிமை அடுத்த கண்ணியை எடுத்தார்.

திருநாளுக்கு முந்தின நாள் மத்தியானம் தாசையன் பெட்டியைத் திறந்து பழைய கொடியை எடுத்தார். கட்டுமரப் பாய்த்துணியில் சிவப்புச் சாயம் ஏற்றியது, மடிப்புகூடக் கலையாமல் இருந்தது. கொரட்டி அடுக்களை வாசலில் உட்கார்ந்து சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அதுக்கு வருசா வருசம் பாச்சை உருண்டை போட்டு வச்சிருக்கேன்," என்றாள். "எதுக்குன்னு கேட்டியளா?"

"ஞாபகத்துக்கு."

"ஞாபகம் எனக்கு நல்லா இருக்கு. அண்ணைக்கு நான் குருசடி பக்கத்துல நின்னேன். ஊரு பூரா பந்தைப் பாத்துச்சு. நான் பந்தைப் பாக்கல்ல. கெட்டிக்கப் போற ஆளு கோட்டுல எப்படி ஓடுதாருன்னு பாத்துட்டு நின்னேன். ஸ்தனிஸ்லாஸுக்க காலுக்குப் பந்து வரும்போ இந்தக் கொடி ஒங்க இடுப்பு வரைக்கும் வந்துது. பெறவு கீழ போச்சு."

தாசையன் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "ஏன் சொல்லல்ல?" என்று கேட்டார்.

"யாருகிட்ட சொல்ல? அண்ணன்கிட்ட சொன்னா கல்யாணம் நிக்கும். ஒங்ககிட்ட சொல்ல, ஒங்களுக்குத் தெரியாததா? இந்த ஊருல கஞ்சி குடிக்க வந்த பெறவு நான் முனைக்காரி, எனக்கும் அந்தக் கப்பு வேணும்னுதான் இருந்துது. ஆனா எனக்க அண்ணன் எம்பிள்ளைகளுக்க ஞானஸ்நானத்துக்கு வரல்ல, மக கல்யாணத்துக்கு வரல்ல. வருசா வருசம் மைக்குல அவனுக்க கை. இடைவேளை ஆனா நான் வீட்டுக்கு வந்து மீனு கழுவுவேன். திருநாளண்ணைக்கு மத்தியானம் கழுவின மீனைச் சாயந்திரம் மறுபடி எவளாவது கழுவுவாளா? அதையும் நீங்க கேக்கல்ல."

அவள் அழவில்லை. சட்டியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். தாசையன் கெட்ட மனிதர் இல்லை என்று நான் எந்தக் குருசடியிலும் சத்தியம் செய்வேன். ஊர்மேல் அவ்வளவு ஆசை வைத்தவர். கொடி இடுப்புக்கு வந்த நேரத்தில் ஒரு தடவையாவது ஜெயிக்கட்டும், இந்த ஒரே தடவை, என்று நினைத்தார், அந்த ஒரே தடவை ஐம்பது வருடம் நீண்டுவிட்டது. ஒன்றைத் தூக்காமல் விட்டதை மறைக்க அதன்மேல் ஒரு வரலாற்றையே ஏற்றிவைத்தார், அந்த வரலாற்றின்மேல் நாங்கள் எல்லோரும் ஏறி உட்கார்ந்திருந்தோம். உண்மையைச் சொன்னால் முனைக்குச் சொல்லிக்கொள்ள ஒரு கோப்பை இருக்காது, தாசையனுக்கு மைக் இருக்காது. சொல்லாவிட்டால் பந்து அங்கேயே நிற்கும், மச்சானின் கையும் நிற்கும்.

திருநாளன்று இரண்டு ஊரும் கயிற்றைச் சுற்றி நின்றன. பெர்க்குமான்ஸ் சாரை நடுமைதானத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். தாசையன் குருசடியில் கை வைத்துச் சத்தியம் சொன்னபோது முதல் பாதிதான் எங்கள் காதில் விழுந்தது. பனியடிமை பொழி தாண்டி வந்து, யாரையும் பார்க்காமல் வடக்குக் கோலில் போய் நின்று, வலது கையைத் தூக்கினார். அந்தக் கைக்கு மேலே ஒரு சாண் தள்ளிப் பந்து இருந்தது. எங்கள் பக்கம் சிரிப்பு கிளம்பியது, நானும் சிரித்தேன், அதைச் சொல்லாமல் விடக் கூடாது.

தொடங்குமுன் வழக்கப்படி தாசையனிடம் மைக்கைக் கொடுத்தார்கள். வலைச்சவரிப் பந்தைச் சொன்னார், பாட்டன்மாரைச் சொன்னார், துடுப்பை நட்டதைச் சொன்னார், ஸ்தனிஸ்லாஸுக்குப் பந்து வந்ததைச் சொன்னார். "அப்போ கோலி பனியடிமை..." என்றார். மைக் இடதுகைக்குப் போனது. நாங்கள் சிரிக்கத் தயாராக இருந்தோம். அவர் இடுப்பில் செருகியிருந்த கொடியை வலது கையில் எடுத்தார், எடுத்ததை இடுப்புவரை கொண்டுவந்தார், அங்கே கொஞ்சம் நின்றது, பிறகு தலைக்குமேல் நேரே தூக்கினார்.



பெர்க்குமான்ஸ் சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "லைன்ஸ்மேன், கொடி எதுக்கு?"

"ஆஃப்சைடு சார். ஸ்தனிஸ்லாஸ் ரெண்டு கை தூரம் உள்ள நின்னான். நான் பாத்தேன். அண்ணைக்கே பாத்தேன்." மைக் கையில் இருந்ததால் இரண்டு ஊருக்கும் கேட்டது.

"லே துரோகி" என்று எங்கள் பக்கத்திலிருந்து ஒருவன் கத்தினான், ஒரு செருப்பு வந்து தாசையனின் காலடியில் விழுந்தது. ஐம்பது வருடம் கழித்துக் கொடி தூக்கினால் எப்படிச் செல்லும் என்று செயலாளர் ஓடிப்போய்க் கேட்டார். பெர்க்குமான்ஸ் சார், "ஆட்டம் முடியல்லியே தம்பி. முடியாத ஆட்டத்துல கொடி எப்போ வந்தாலும் நான் பாத்துதான் ஆவணும்" என்று சொல்லிவிட்டு, பையிலிருந்து விசிலை எடுத்து ஊதினார். மூச்சுக் குறைவாக, ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஊதினார். கோல் இல்லை. பூஜ்யம், பூஜ்யம். ஆத்துவாய்க்கு ஃப்ரீ கிக்.

பனியடிமை கையை இறக்கினார். இறக்கிய கையோடு இன்னொரு கையையும் சேர்த்து நெஞ்சுக்கு முன்னால் ஏந்தினார், பந்து அதில் வந்து விழுந்தது. அவ்வளவு லேசாக விழுந்தது. அவர் அதைப் புரட்டிப் பார்த்தார், சகதியைப் பெருவிரலால் வழித்தார். அப்போதுதான் கவனித்தேன், இடைவேளையைக்கூட ஒரு நாளும் இருந்து பார்க்காத கொரட்டி கோல்போஸ்டுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டிருந்தாள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு.

பெர்க்குமான்ஸ் சார் கைக்கடிகாரத்தை ஓடவிட்டார். பனியடிமை பந்தை மணலில் வைத்துவிட்டுப் பின்னால் இரண்டடி போனதும் இரண்டு ஊருக்கும் ஒரே பயம் வந்தது. "ஓய், மேல அடிச்சிராதேயும்" என்று எங்கள் ஆட்களே கூவினார்கள். முதல் தடவையாக அவரைப் பார்த்து ஊர் சிரித்ததில் அவரும் சிரித்தார். மேலே அடிக்கவில்லை. வயதான காலால் ஒரு தள்ளு தள்ளினார், பந்து யாரிடமும் போகாமல் நேரே பக்கக் கோட்டில் நின்ற தாசையனைப் பார்த்து உருண்டு வந்தது. உருண்டு வந்து, புதைந்திருந்த மடிக்கயிற்றில் முட்டி, ஏறி, அதன்மேல் நின்றது.

வெளியே என்றால் எறிபந்து எங்களுக்கு. அரை நிமிடம் இருந்தது, ஸ்தனிஸ்லாஸின் மகன் பந்தை எறியக் கை நீட்டி ஓடிவந்துகொண்டிருந்தான். "வெளிய, வெளிய" என்று எங்கள் ஊரே கத்தியது. கொடிய தூக்கும் ஓய், எங்களுக்குச் செய்ததற்கு இதையாவது செய்யும் என்றார்கள். ஆத்துவாய்க்காரர்கள் கொடியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

தாசையன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்தார். கயிற்றையும் பந்தையும் பார்த்தார். கன்னத்தை மணலில் வைத்தும் பார்த்தார். பந்து முழுசாகத் தாண்டவில்லை, பாதி கயிற்றுக்கு உள்பக்கம் இருந்தது.

எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு, ஊருக்கெல்லாம் கேட்க, "உள்ளதான்" என்றார். கொடியைத் தூக்கவில்லை.